எங்கள் திறந்தவெளிக்கு வந்த பாதுகாப்பு

உழவர்கரை

அன்புள்ள ஹரிகிருஷ்ணன் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் கவிநிலா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தியும் நலமா? நாங்கள் நலம், வீடுதான் ஈரமாக இருக்கிறது.

நீங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் இருப்பதால் உங்களிடம்தான் முறையிட முடியும். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வயல்வரை ஒரு திறந்தவெளி கிடக்கிறதல்லவா, அரசு வரைபடத்தில் பச்சை அடித்து, யாரும் கட்டக் கூடாது, மழைத்தண்ணீர் போய் நிற்கட்டும் என்று விட்டுவைத்தது, அதைக் காப்பாற்றுவதென்று நலச்சங்கத் தலைவரானதுமே அப்பா கிளம்பிவிட்டார். முதலில் கம்பிவேலி போட்டுப் பூட்டினார்; நாங்கள் தெருவில் கோகோ ஆடினோம். வேலியைப் பார்த்துக்கொள்ளக் காவலர் வந்தார், காவலருக்கு ஓர் அறை வந்தது. சாமி இருக்கும் இடத்தில் எவனும் கைவைக்க மாட்டான் என்று பிள்ளையாரை வைத்தார்கள்; அவர் வெயிலில் வாடுகிறாரென்று கூரை, கும்பிடுபவர் காலில் சேறு படுகிறதென்று சிமெண்டுத் தரை, அந்தத் தரை காலியாக இருக்கிறதென்று கார் நிறுத்தம், திறந்தவெளியைக் காப்பது பற்றிக் கூடிப் பேச ஒரு சங்கக் கட்டடம்.

“கட்டடமே கூடாதாம்ப்பா, எங்க பாடப் புத்தகத்துல போட்டிருக்கு” என்றேன்.

“இது கட்டடமாடி? பாதுகாப்பு. காலியா கெடந்தா எவனாவது பூந்துடுவான். நாமளே பூந்துட்டா பயமில்ல பாரு.”

“அப்ப மழத்தண்ணி எங்க போவும்?” என்று அம்மா கேட்டார்.

“தண்ணிக்கு நாம வழி சொல்லணுமா அண்ணி? அதுவே போய்க்கும்” என்றார் சங்கச் செயலாளர் கலைச்செல்வன் மாமா.

அதுவே போயிற்று, எங்கள் சமையலறைக்கு. ஒருமணி நேர மழைக்கே கேஸ் சிலிண்டர் மிதந்து வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா கட்டிலில் ஏறி நின்று, “எவன்டா பின்னால தண்ணி போற எடத்த அடைச்சது?” என்று போனில் சத்தம் போட்டார். எடுத்தவர் காவலர். “நீங்கதான் சார்” என்றார் மரியாதையாக.

ஐப்பசி மழை இனிமேல்தான் வர வேண்டும். ஆகையால் சித்தப்பா, எல்லாவற்றையும் இடித்துத் திறந்தவெளியைத் திறந்தவெளியாகவே விடும்படி உடனே ஓர் உத்தரவு வாங்கி அனுப்புங்கள். அப்பா முகம் பார்த்துத் தயங்க வேண்டாம்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் வீட்டுப் படி என்றும் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் ஆசியை நாடும்,
கவிநிலா

பின்குறிப்பு: சங்கக் கூட்டம் இப்போதுதான் முடிந்தது. மிச்சமிருக்கும் மூலையில் சிறுவர் நூலகம் கட்டுகிறார்களாம், நான்தான் பொறுப்பாளர். சின்னக் கட்டடம்தான், தண்ணீர் வருமென்பதால் புத்தகங்களுக்கு மாடியும் கேட்டிருக்கிறேன். நீங்கள் அந்த உத்தரவைத் தளம் போட்டு முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.