எட்டு டிபி இடம்

அலமாரியில் இருந்த பெட்டி மறுபடியும் 'பீப்' என்றது. சிங்கராயர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

"தொண்ணூத்தேழு சதவீதம்! கிருபா, உன் வீடியோவெல்லாம் அழிக்கச் சொன்னனா இல்லியா?"

குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள் அத்தனையும் அந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் ஏறுவது மற்றதிலும் ஏறும். வரும் ஞாயிறு சிங்கராயருக்கும் மனைவி கிருபாராணிக்கும் இருபத்தைந்தாவது திருமண நாள். கோவில் மண்டபத்தில் பழைய படங்களைத் திரையில் ஓட்டப்போவதாக ஓசூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

கிருபாராணி, காவேரிப்பட்டினத்துத் தம்பி பிள்ளைகள் ஆடிய முந்நூறு வீடியோக்களை மூக்கை உறிஞ்சியபடி அழித்தாள். இரண்டே நாளில் மறுபடி தொண்ணூற்றேழு.

"எனக்குத் தெரியாம ஏத்தறியா?"

"ஆமாங்க. நீங்க தூங்கினதும் நானே ஆடி, நானே வீடியோ எடுத்து ஏத்தறேன்!"

சிங்கராயர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வார். பெரிய டிஸ்க் மாற்றும் திட்டம் ஒன்று பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. நான்கு டெராபைட், அதாவது நான்கு டிபி, போய் எட்டு டிபி. முதலில் ஒரு டிஸ்க்கை மாற்ற வேண்டும். அதில் எல்லாம் காப்பி ஆனபிறகு அடுத்ததை மாற்ற வேண்டும். கீழே தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கையெழுத்து. மூன்றும் சிங்கராயர்.

வெள்ளிக்கிழமை முதல் டிஸ்க்கை மாற்றினார். சனிக்கிழமை காலை பெட்டி நீளமாக ஒரு 'பீப்' போட்டது.

"முடிஞ்சிருச்சு!" என்று இரண்டாவதையும் உருவினார். கம்பெனி மெஷின்கள் வேலை முடிந்தால்தான் கத்தும்.

மகள் அனிட்டா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அப்பா, அது முடிஞ்சதுக்கு கத்தல. சூடாயிடுச்சுன்னு கத்தியிருக்குது. காப்பி பாதிதான் ஆகியிருக்குது."

"இப்ப படம்?"

"ஒண்ணும் தெரியல."

பதற்றத்தில் சிங்கராயர் அப்போது உருவிய டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். பெட்டி கேட்ட கேள்வியைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்தினார். அந்தக் கேள்வி, 'இதை முழுவதும் அழித்துவிடவா?'

கிருபாராணி திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கல்யாணப் படமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் கழற்றிய டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டுக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் முத்துக்குமார் அதைச் சோதிக்கும்வரை, கைக்குழந்தையை ஊசிக்குக் கொண்டுவந்தவர் மாதிரி நின்றார்.

"சார், இதுல எல்லாம் பத்திரமா இருக்குது. புது டிஸ்க்குல நானே ஏத்தித் தரேன். ஆனா இனிமே நீங்க எதையும் தொடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படங்கள் ஓடின. திரையில் கல்யாண மாலையோடு இருபத்தைந்து வருடம் இளையவராக நின்ற சிங்கராயரைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். கிருபாராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே உன்னய ஒரு வீடியோகூட அழிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து வீட்டு வெங்கடப்பன் பாயசத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, பெட்டிய மாத்துனீங்களா? ரெண்டு நாளா என் மாட்டுக் கொட்டாய் கேமரா எதுவுமே பதிவாகல."

சிங்கராயருக்குப் புரியவில்லை. "உங்க கேமராவுக்கும் எங்க பெட்டிக்கும் என்னங்க?"

"அக்காதான் போன வருசம் வைஃபை பாஸ்வேர்டு குடுத்தாங்க. கேமரா மாட்ட வந்த ஆளு, 'பக்கத்து வீட்டுப் பெட்டியில நெறைய எடம் இருக்குது'ன்னு அதுலயே பதியற மாதிரி வச்சுட்டுப் போனான். இப்பதான் எட்டு டிபி ஆயிடுச்சாமே, பேரிகை சந்தையில இன்னும் ரெண்டு மாடு புடிச்சிட்டேன், அதுங்களுக்கும் ஒரு கேமரா மாட்டிடறேன்ணா!"