இறந்தவரைக் கூப்பிடும் மெஷின்

திருகோணமலை,
ஓகஸ்ட் 1982

கொழும்பிலிருக்கும் மதிப்புக்குரிய மாமாவுக்கு, மருமகன் கலீலுர் றஹ்மான் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், ஒருவரைத் தவிர. அவர் மௌத்தாகிவிட்டார். ஆனாலும் தினமும் வேலைக்குக் கூப்பிடப்படுகிறார்.

விளங்கச் சொல்கிறேன். துறைமுகக் கிடங்கில் எங்கள் கம்பனி வைத்திருக்கும் கம்பியூட்டருக்கு நான் ஒரு புரோகிராம் மொழி அமைத்தேன். மற்ற மொழிகளில் எதையும் திருத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். என் மொழியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுக்கலாம். மெஷின் "சரி" என்று ஏற்றுக்கொள்ளும். மனேஜரே பழகிக்கொள்ளுமளவு இலகு. அங்கேதான் பிழை வந்தது.

போன மாதம் இற்றுப்போன கயிறு அறுந்து, கோதுமை மா மூட்டைகள் விழுந்து எங்கள் மூத்த கூலியாள் அபூதாஹிர் காக்கா நசுங்கிச் செத்தார். கயிற்றை மாற்றச் சொல்லி அவர் கத்தாத நாளில்லை. மனேஜர் கயிற்றை மாற்றவில்லை, நட்டஈடு கொடுக்காமல் தப்பப் புரோகிராமை மாற்றினார். அபூதாஹிர் என்றால் யாருமில்லை என்று தன் கையாலேயே அடித்தார். மெஷின் "சரி" என்றது. அப்படியொருவர் இங்கே வேலையே செய்யவில்லையாம்! மறுநாள் காலை மெஷின் ஆட்களின் பெயர்களை அடித்துத் தள்ள, மேஸ்திரி ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்: "அபூதாஹிர்." கூட்டம் விறைத்து நின்றது.

"ஓடேக்க மாத்தலாம் எண்டு நீர்தானே புளுகினீர்?" என்று மனேஜர் என்மேல் பாய்ந்தார்.

"மாத்தலாம் சேர். ஆனா ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற பகுதி பழைய அர்த்தத்தை விடாது. நிப்பாட்டித் திரும்பத் தொடங்கினாத்தான் போகும்."

"அப்ப நிப்பாட்டும்!"

"ஏலாது சேர். கப்பல் காத்துக்கிடக்குது."

கப்பலாவது மண்ணாங்கட்டியாவது. திங்கட்கிழமை தொழில் கந்தோர் அதிகாரிகள் இந்த மௌத்தை விசாரிக்க வருகிறார்கள். கூலியாட்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? மெஷின் சொன்னால் நம்புவார்கள். அதுவரை அதை ஓடவைப்பேன். ஒலிபெருக்கி அபூதாஹிர் காக்கா வீட்டுக்கும் கேட்கும். புருஷனுக்காக வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் அவர் மனைவி மைமூனா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு விடியவும் அவரக் கூப்பிடுறியள். நான் இத்தா இருக்கிறதா, சோறு கட்டுறதா?"



ஆகவே மாமா, நீங்கள் பார்த்துவைத்த கொழும்பு வேலை எனக்கு வேண்டாம். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் சலரோகத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக.

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிட்டு அந்த வேலையைக் கேட்டு வையுங்கள், என்னை வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். நேற்றுக் கரண்ட் போய் மெஷின் அணைந்தது. திரும்பத் தொடங்கியபோது பட்டியலில் அபூதாஹிர் இல்லை. மனேஜர் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். இன்று கந்தோர்க்காரர் பக்கத்தில் நிற்க, மேஸ்திரி பெயர்களை வாசித்து முடித்தார். ஒருவரும் அசையவில்லை. "இன்னும் ஒராள் இருக்கு, கூப்பிடுங்க," என்றது கூட்டம். நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கூப்பிட்டேன்: "அபூதாஹிர்."

"ஓம், வந்தனான்."

யார் சொன்னதென்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கந்தோர்க்காரர் மட்டும், தாளிலிருந்து தலை நிமிராமல், "எப்ப தொடக்கம் இங்க வேலை?" என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அவர் எழுதிக்கொண்டார்.