தேவிஸ்ரீ கல்யாண விருந்தில் என் குரல்

என் மகள் கல்யாண விருந்தில் டீஜே கிடையாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தேன். உடனே அறிவித்தும் விட்டேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான்தான். நடப்பதுதான் வேறு.

"ஏன் வேணாம்?" என்றாள் சுசீலா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அது இசையே இல்ல. டுக் டுக் டுக்னு ஒரே அடி. எங்க ஃபேக்டரியில தகடு வெட்டற மெசின் அதவிட நல்லா வாசிக்கும்."

நான் மலாக்காவில், பத்து பெரண்டாம் பக்கம், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எந்த மெசின் பக்கத்தில் நிற்பவனுக்குக் காதடைப்பான் தர வேண்டும் என்று கருவியால் அளந்து கையெழுத்துப் போடுகிறவன். இரைச்சலைப் பற்றி என்னிடம் யார் பேச முடியும்?

"சரி, டீஜே இல்லாம மூணு மணி நேரம் என்னங்க பண்றது?"

"நான் பாடறேன்."

தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

போன வருடம் மஸ்ஜித் தானாவில் என் தங்கை மகன் விருந்தில் பதினோரு பழைய பாட்டு பாடினேன். பாடி முடித்தபோது ஆறு மேசைகளில்தான் ஆள் இருந்தது. ரசனை உள்ளவர்கள் என்றேன் நான். பின்னால் வேறு கார் நின்றதால் வண்டியை எடுக்க முடியாதவர்கள் என்றாள் சுசீலா.

"அப்பா, என் பிரெண்ட்ஸே இருநூறு பேரு வர்றாங்க," என்றாள் கல்யாணப் பெண் தேவிஸ்ரீ. "அகல்யாகிட்ட பேசியாச்சு லா."

அகல்யா அவளோடு படித்தவள். வார நாளில் எஞ்சினியர், சனி ஞாயிறில் டீஜே. இரண்டாவதற்குத்தான் கூட்டம் அதிகம் என்று கேள்வி.

நான் பெருந்தன்மையாக ஒரு பரீட்சை வைத்தேன். ஞாயிறு காலை பத்து மணி. எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம். அகல்யா அரை மணி நேரம் வாசிக்கட்டும். அதில் ஒரு சொட்டுக் கலை இருந்தால் டீஜே. இல்லையென்றால் நான். எதிர்வீட்டு மருதமுத்து அண்ணன், கோயில் செயலாளர், சாட்சி.

"தீர்ப்பு யாரு சொல்றது?" என்றாள் சுசீலா.

"நான்தான்."

"சரிங்க."

இருபத்தெட்டு வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு என் கால் மேல் நம்பிக்கை இல்லை. போன மாசி மகத்தில் உறுமி மேளம் என்னைத் தாண்டிப் போனபோது, கால் என்னைக் கேட்காமலே ஆடியது. மருதமுத்து அண்ணன் பார்த்துவிட்டார். ஆகவே சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்டோரில் தேடி, தோல் நிறத்தில் இரண்டு காதடைப்பான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் கம்பெனியிலேயே உயர்ந்த ரகம். கேட்காத காது இருந்தால் ஆடாத கால் இருக்கும்.

ஞாயிறு வந்தது. ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். நடுவில் அகல்யா. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய், அடைப்பானைச் சொருகிக்கொண்டு, சோற்றுக்கு மறுப்புச் சொல்லும் சாமியாரைப்போல் வந்து உட்கார்ந்தேன். "ஆரம்பிக்கலாமா அங்கிள்?" என்று அகல்யாவின் உதடு அசைந்தது. தலையாட்டினேன்.

அவள் எதையோ திருகினாள். எதையோ தள்ளினாள். தேவிஸ்ரீயின் தலை ஆடத் தொடங்கியது. சுசீலா தொடையில் தாளம் போட்டாள். மருதமுத்து அண்ணன் கண்ணை மூடித் தோளைக் குலுக்கினார். கோயில் செயலாளர். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கட்டத்தில் மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். என் காதிலோ பரிபூரண அமைதி. நாற்காலிகூட அதிரவில்லை. கம்பெனி அடைப்பானின் தரத்தை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

அகல்யா கையை எடுத்தாள். நான் காதைச் சொறிவதுபோல் அடைப்பான்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"தேவி, போன்ல ரெகார்ட் பண்ணு. நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது."

அவள் போனை நீட்டினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"இது இசை இல்ல. வெறும் இரைச்சல். என் காது போச்சு. இதுல கலை எங்க இருக்கு?"

"எந்த இடம் ரொம்ப மோசம்?" என்று மரியாதையாகக் கேட்டாள் சுசீலா.

"அந்த நடுப்பகுதி. காட்டுத்தனம்."

மருதமுத்து அண்ணன் சுவரைப் பார்த்தார். சுசீலா மூலைக்குப் போய் ஒரு கறுப்பு வயரைத் தூக்கிக் காட்டினாள். அதன் நுனி சுவரில் இல்லை. அவள் கையில் இருந்தது.

"அவ இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. காதடைப்பான நேத்தே உங்க சட்டைப் பையில பார்த்துட்டேன். காதுக்கு ஒரு பிளக்கு, சுவத்துக்கு ஒரு பிளக்கு. காதுலதான் சொருகியிருந்துச்சு."

"தீர்ப்பு நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் மருதமுத்து அண்ணன். "இனிமே பாட்டக் கேப்போம்."

வயரைச் சொருகினார்கள். இந்த முறை வெறும் காதோடு உட்கார்ந்தேன். முதலில் அதே டுக் டுக்தான். மெசினேதான். பிறகு அதன் மேல் ஒன்று ஏறியது, அதன் மேல் இன்னொன்று. எல்லாம் வேகமெடுத்து உச்சிக்குப் போனபோது அகல்யா சட்டென்று நிறுத்தினாள். என் மெசின் ஒருநாளும் அப்படி நிற்காது. அந்த வெற்றிடத்தில், அடுத்த அடி எங்கே விழும் என்று நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். காக்கவைக்கத் தெரிந்தவள் கலைஞர்தான். அடி விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் கால் எனக்கு முன்னாலேயே ஆடப் போய்விட்டிருந்தது.

"டீஜே இருக்கட்டும்," என்றேன்.

சுசீலாவுக்கு மனம் இளகியிருக்க வேண்டும். "விருந்துல உங்க குரலும் இருக்கும். அகல்யாகிட்ட சொல்லிட்டேன்."

மூன்று வாரம் வெந்நீரும் தேனுமாகச் சாதகம் செய்தேன்.

ஆயர் குரோவில் மண்டபம். எண்பது மேசை. ஒரு கார்கூட நகரவில்லை. என் பாட்டுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் காத்திருந்தேன். அகல்யா அடியை ஏற்றினாள், ஏற்றினாள், நிறுத்தினாள். மண்டபமே மூச்சைப் பிடித்தது. அப்போது நான்கு பக்கமும் என் குரல் ஒலித்தது.

"இது இசை இல்ல. வெறும் இரைச்சல். இரைச்சல். இரை. இரை. இரை."

அடி விழுந்தது. எண்பது மேசையும் எழுந்தது. முதலில் மருதமுத்து அண்ணன். இரண்டாவது சுற்றுக்குள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆண்கள் "வெறும் இரைச்சல்" என்று கத்த, பெண்கள் "என் காது போச்சு" என்று பதில் சொன்னார்கள். என் சம்பந்தியம்மாள் உட்பட.

முப்பது வருடமாகப் பாடுகிறேன். ஒன்ஸ்மோர் கேட்டது அன்றைக்குத்தான்.