மணிமுடி போட்ட கோடு

வெண்குன்ற நாட்டில் மாவட்டங்களுக்கு எல்லை வகுப்பது மனிதர் வேலை அல்ல. அரசரின் பட்டத்து யானை மணிமுடி தன் போக்கில் நடக்கும். அதன் முதுகில் கட்டிய ஓட்டைச் சாக்கிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. "யானைக்குச் சாதி இல்லை, கட்சி இல்லை, மாமன் மச்சான் இல்லை" என்பார் எல்லை அமைச்சர் பரஞ்சோதியார். அதற்கு மேல் பேச யாருக்கு வாய் வரும்?

மணிமுடி ஓடைக்கரை கிராமத்துக்கு வருகிறது என்று தண்டோரா போட்டதும் அந்த ஊர் வெள்ளத்தாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதாததற்கு, யானைக்குக் கொடுக்க வீட்டுக்கு ஒரு கட்டுக் கரும்பு, அமைச்சரின் சொந்தத் தோட்டத்திலிருந்து இலவசமாக வந்து இறங்கியது. என்ன மனசு அந்த மனுஷனுக்கு என்று ஊரே உருகிப்போனது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த யானை யானைதான். தங்க முகபடாம், வெண்பட்டுக் குடை, தரையே அதிரும் முரசு. வெள்ளத்தாயி கண் கொட்டாமல் பார்த்தாள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, கரும்பை நீட்டினாள். எல்லா வாசலிலும் கரும்பு இருந்தால் யானை எங்கே போகும்? தெரு நெடுகத் தின்றுகொண்டே நடந்தது. தெரு நடுவில் கோடு விழுந்தது.

தெருவுக்கு மேற்கே ஏரி, கிழக்கே வயல். ஏரி மேல் மாவட்டமாயிற்று, வயல் கீழ் மாவட்டமாயிற்று.

நெல் பால் பிடிக்கும் நேரம். ஒரு தண்ணீர் பாய்ச்சினால் பிழைத்துவிடும். இல்லையென்றால் அத்தனையும் பதர். வெள்ளத்தாயியின் புருஷன் சங்கிலி ஏரி மடையைத் திறக்கப் போனான். மேல் மாவட்டக் காவலர்கள் மறித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் இருந்த கூடாரத்துக்குப் போனார்கள்.

"தண்ணீர் எம்முடையது என்பதில் ஐயமில்லை" என்றார் மேல் மாவட்ட ஆட்சியர். "ஆனால் தாகம் வேறு மாவட்டத்தில் எழுந்திருக்கிறது. அயல் மாவட்டத் தாகத்தை யாம் எப்படி ஏற்பது?"

கீழ் மாவட்ட ஆட்சியர் இன்னும் கனிவாகப் பேசினார். "தாகத்தை யாம் முழுமையாக ஏற்கிறோம். தண்ணீர் பற்றிப் பேசத்தான் எமக்கு அதிகாரம் இல்லை."

"ஐயா, பயிரு வாடுதுங்க" என்றான் சங்கிலி.

"வாடுவது கீழ் மாவட்டப் பயிர். அதை யாராலும் மறுக்க முடியாது" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார் மேல் மாவட்ட ஆட்சியர்.

கடைசியில் விஷயம் பரஞ்சோதியாரிடம் போனது. அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "மாவட்டம் போதவில்லை. அதுதான் குறை" என்றார். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட மறுபடியும் மணிமுடி வரும் என்று அரசாணை பிறந்தது. மறுபடியும் இலவசக் கரும்பு வந்தது.

இந்த முறை ஓடைக்கரைக்காரர்கள் ஏமாறத் தயாராக இல்லை. "எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்க. கரும்பு பூராத்தையும் ஏரிக்கு அந்தப்புறம் மேலக்கரையில போட்டுருவோம்" என்றான் சங்கிலி. "யானை அந்த வழியாப் போச்சுன்னா ஏரியும் வயலும் ஒரே பக்கம் வந்துரும். புள்ள, நீ ஒரு கட்டத் தூக்கிட்டுப் போயி, ஊருக்கு முன்னால பாதை பிரியிற இடத்துல மேலக்கரைப் பக்கமா போடு. அது போதும்."

"இது கூடவா தெரியாது எனக்கு? நீங்க போயி வேலையப் பாருங்க" என்றாள் வெள்ளத்தாயி. உண்மையிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும். பால் வற்றிய கதிர்களைத் தடவிப் பார்த்து அழுதவள் அவள்தான்.

பாதை பிரியும் இடத்தில் நின்றாள். முரசு கேட்டது. புழுதிக்குள்ளிருந்து மணிமுடி வெளிப்பட்டது. அடேயப்பா, போன தடவை பார்த்தது ஒன்றுமே இல்லை. முகபடாமில் புதிதாகச் சிவப்புக் கல் பதித்திருந்தார்கள். காது விசிறி போல் அசைய, மலையே நடந்து வருகிற மாதிரி வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்பேர்ப்பட்ட ஐசுவரியம் யாருமில்லாத மேலக்கரைக்கா போகவேண்டும்? தன் வாசலில் ஒரு நொடி நிற்கக்கூடாதா? ஒரே நொடி. அப்புறம் திருப்பி அனுப்பிவிட்டால் போயிற்று.

கரும்புக் கட்டோடு தெருவுக்குள் ஓடினாள். மணிமுடி அவள் பின்னாலேயே திரும்பியது. ஒரு கதவு திறந்தது. அடுத்த கதவு திறந்தது. ஒளித்து வைத்திருந்த கரும்பு எத்தனை வீட்டிலிருந்து வந்தது தெரியுமா? மேலக்கரைக்கு யாருமே முழுக்கட்டாகக் கொடுத்திருக்கவில்லை.

யானை அவள் வாசலில் நின்று தின்றது. பிறகு தும்பிக்கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தது. வெள்ளத்தாயிக்குக் கண்ணீர் பொங்கியது. நான்கு மாவட்டங்களில் யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம் என்று நினைத்தாள். ஆம், மணிமுடி சுற்றி வந்த சுற்றில் அதற்குள் நான்காகியிருந்தது.

மேலக்கரையில் காத்துக் காத்துப் பார்த்த சங்கிலி, இரைக்க இரைக்க ஓடி வந்தான். புதுக் கோட்டுக்கு அந்தப்புறமே காவலர்கள் அவனை நிறுத்திவிட்டார்கள்.

"நெல்லு போச்சே புள்ள" என்றான். "உன்ன நம்பித்தான அங்க நின்னேன்."

அவள் தலையில் யானையின் ஈரம் இன்னும் காயவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க ஒரு தடவையாச்சும் அத இம்புட்டுக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "பாத்துட்டுப் பேசுங்க."