முப்பத்து மூன்று அங்குல ரோஷம்

"ஏனுங்க சென்னகிருஷ்ணன், வண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பவே மாட்டேங்குதுங்க!"

கணபதி என்ற பகுதியில் பதினைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் சென்னகிருஷ்ணன், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். இப்போதுதான் மாட்டிய புது டயர் மட்கார்டோடு ஒட்டி நின்றது.

"திரும்புமுங்கண்ணா. சித்தெ உரசுதுங்க, அவ்வளவுதான்."

"சித்தெயா? தேங்காய் துருவற சத்தம் கேக்குதுங்க! பீச்சாங்கைப் பக்கமே திரும்பித் திரும்பி நான் எப்பிடிங்க அவிநாசி போய்ச் சேர்றது?"

ஈஸ்வரமூர்த்திக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையாது, கூடும். சாதாரணமாக வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுகிறவர், கொதிக்கும்போது இரண்டு போடுவார். அதற்கும் அடங்காவிட்டால் வீட்டுக்குப் போய்க் கலெக்டருக்கு மனு எழுதுவார். அவிநாசி போஸ்ட் ஆபீசில் அவர் தலை தெரிந்தாலே பதிவுத் தபால் சீட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். தெருவிளக்கு, சாக்கடை, பஸ் ஹாரன் என்று எதையும் விட்டதில்லை. எழுதி ஒட்டி அனுப்பியதும் மனசு ஆறிவிடும். என்ன எழுதினோம் என்பதும் மறந்துவிடும்.

ஆனால் போன ஆடிக் கிருத்திகையில் பட்ட அவமானம் மட்டும் எத்தனை மனு எழுதியும் ஆறவில்லை.

மாமனார் ஊரான பவானிப் பக்கத்தில் கரட்டுமலைக் கோயில் இருக்கிறது. வருடா வருடம் ஆடிக் கிருத்திகை அன்னதானத்துக்கு அரிசி மூட்டையும் அண்டாவும் மலை ஏற்றுவது அந்த வீட்டு மருமகன்கள் இருவரின் முறை. போன வருடம் ஈஸ்வரமூர்த்தியின் பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று சொல்லி வாங்கிய பிக்கப், மூன்றாவது வளைவுச் சேற்றில் புதைந்து நின்றது. பின்னால் ஜீப்பில் வந்த சகலை கதிர்வேல் கயிறு கட்டி இழுத்தார். இழுத்ததோடு விட்டிருக்கலாம். "டயரு மொபெட்டு டயராட்ட இருக்குதுங்களே சகல" என்று மாமனார் வீட்டு ஜனம் முழுவதும் சிரிக்கும்படி கேட்டார். அதைவிடக் கொடுமை, மனைவி கீதா இறங்கிப்போய் கதிர்வேலின் ஜீப்பில் உட்கார்ந்து மலை ஏறியது. கட்டிய பொண்டாட்டி! இந்த ஆடிக்கு அவள் தன் வண்டியிலேயே மேலே போய் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

"நான் முப்பத்தொண்ணு இஞ்ச் போதுமுன்னு அப்பவே சொன்னேனுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

"கதிர்வேல் ஜீப்புல முப்பத்தொண்ணுங்க. அப்ப எனக்கு முப்பத்து மூணு வேணுமா வேண்டாமுங்களா?"

இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு, சென்னகிருஷ்ணன் ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டார். உரசல் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் போர்ட்டிகோவில் தொங்கிய விளக்கு உடைந்தது. கீதா ஏறுவதற்குச் சமையலறை முக்காலியைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"ஏனுங்க, எறங்கறதுக்கும் முக்காலி வேணுமுங்களே. உள்ள உக்காந்துட்டு வெளிய கெடக்கற முக்காலிய நான் எப்பிடி எடுக்கறது?"

"மலைமேல ஒரே தடவைதான் எறங்கப்போற அம்மணி. நான் புடிச்சுக்கறேன்."

அடுத்த கோளாறு மேம்பாலத்தில் தெரிந்தது. பாதி மேட்டிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. வாழைத்தார் ஏற்றிய மொபெட் ஒன்று நிதானமாக முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பி டயரைப் பார்த்தார், பிறகு ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். அந்த வாரமே வேகமாகப் போனதாகப் போனில் அபராதச் சீட்டும் வந்தது.

"மேட்டுல ஏறமாட்டேங்குதுங்க, எறக்கத்துல அபராதமுங்க! மீட்டர்ல எண்பதுக்கு மேல முள்ளு போகவே இல்லீங்க, கேமரா தொண்ணூறுங்குது. பொய் சொல்ற கேமராவப் பத்தி இப்பவே ஒரு மனு எழுதிப்போடறேனுங்க!"

"கேமரா பொய் சொல்லலீங்கண்ணா" என்றார் சென்னகிருஷ்ணன் பவ்யமாக. "சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு எச்சா தூரம் ஓடுமுங்க. மீட்டரு இன்னும் பழைய சக்கரம்னே நெனச்சுட்டு இருக்குதுங்க. எஞ்சினு இழுவையும் பத்தாதுங்க. டயர மாத்துனா உள்ள இருக்கற கிரவுன் பினியன்ங்கற பல்சக்கர ஜோடியையும் மாத்தோணுமுங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ரெண்டும் ஒரே கணக்கா இருக்கோணுமுங்க."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்க?"

"நீங்க கோவத்துல இருந்தீங்க. எதுத்துப் பேசுனா மரியாதையா இருக்காதுன்னு உட்டுட்டேனுங்க."

இந்த மரியாதையால் இந்த ஊரில் எத்தனை வண்டி கெட்டதோ! ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு, மாற்றச் சொன்னார். பின்பக்கத்துப் பல்சக்கர ஜோடிதான் கையில் இருந்தது. முன்பக்கத்துக்கு உரியது வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

"பின்னால மட்டும் மாத்துங்க. வண்டியத் தள்ளறது பின்சக்கரந்தானுங்களே?"

"சாதா ரோட்டுல அப்பிடித்தானுங்க. ஆனா நாலு சக்கரத்தையும் சேத்துப் போட்டீங்கன்னா..."

"மாத்துங்கன்னா மாத்துங்க!"

மறுநாள் தோட்டத்தில் வெள்ளோட்டம். நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் லீவரைத் தள்ளியதும் முன்சக்கரம் ஒரு வேகத்துக்கும் பின்சக்கரம் ஒரு வேகத்துக்கும் அடம்பிடித்தன. வண்டி குதித்துக் குதித்துச் சொட்டுநீர்க் குழாயை அறுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றது. மாடு தாம்பை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துச் சோளக்காட்டுக்குள் ஓடியது. கீதா முக்காலியை எடுத்துவந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, அக்கா போன்ல ஒண்ணு சொன்னாளுங்க. மலைக்கு இந்த வருசம்..."

"உங்கக்கா ஊட்டுப் பெருமை ஒண்ணும் எனக்கு வேண்டாம். மலையில வந்து பாக்கச் சொல்லு!"

பிறகு நடந்ததைச் சென்னகிருஷ்ணனின் வாயால் கேட்டால் அழுகை வரும். பத்து நாளில் வந்த முன்பக்க ஜோடி, பின்பக்கத்தோடு பொருந்தவில்லை. அது பாறை ஏறுகிற வண்டிகளுக்கானது, இழுவை ஏராளம், வேகம் கிடையாது. திருப்பி அனுப்பினால் ஆடிக் கிருத்திகை போய்விடும். ஆகவே புதிதாக மாட்டிய பின்பக்கத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கும் பாறை ஏறுகிற ஜோடியையே தேடிப் பிடித்து மாட்டினார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்மேல் வண்டி எறும்பாட்டம் ஏறி நின்றது. ஈஸ்வரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப வரச்சொல்லுங்க அந்தக் கதிர்வேல!"

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுங்க. சமமான ரோட்டுல அம்பதுக்கு மேல முடுக்காதீங்க. எஞ்சினு கத்துமுங்க."

"மலையில எங்கீங்க சமமான ரோடு? போன வருசம் பாத்தனே, முழங்கால் ஆழச் சேறு. அந்தச் சேத்துக்குத்தான் இதெல்லாம்!"

ஆடிக் கிருத்திகையன்று விடிந்ததும் கிளம்பினார்கள். பின்னால் நாலு அரிசி மூட்டை, இரண்டு அண்டா, முக்காலி. கீதா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்திலேயே எஞ்சின் ஊளையிட ஆரம்பித்தது. பள்ளிக்கூட வேன், பால் வண்டி, டிராக்டர்கூட முந்திப் போயின. டிராக்டரில் இருந்தவர்கள் கையசைத்து, வண்டிக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி நேராகப் பார்த்து ஓட்டினார். சிரிக்கிறவன் எல்லாம் சிரிக்கட்டும், மூன்றாவது வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது. ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்று மணி நேரம் ஆயிற்று.

மலையடிவாரத்தில் நிறுத்தினார். நாலு சக்கர லீவரைத் தள்ளினார். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் சேற்றுப் பாதையைக் காணவில்லை. எதிரே கறுகறுவென்று தார் ரோடு ஒன்று, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு, வளைந்து மேலே போயிற்று. கல் குவாரிக்குப் போகிற ரோடாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

ஓரத்தில் தேங்காய், பூ, கற்பூரம் பரப்பியிருந்த அம்மாளிடம் எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்கம்மா, கோயலுக்குப் போற மண்ரோடு எக்கட்டாலைங்க?"

நஞ்சம்மாள் என்ற அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து யாரும் அவளிடம் பேசியதில்லை.

"இதேதானுங்க. மண்ரோடு எங்கீங்க இருக்குது? தார் போட்டு மூணு மாசமாச்சு. மினிபஸ்ஸே மேல போகுதுங்க. அன்னதானத்து அரிசி, அண்டாவெல்லாம் காத்தாலயே கதிர்வேல் மாப்ள மினிபஸ்ஸுல ஏத்திவுட்டுட்டு, பொண்டாட்டியக் கூட்டிட்டு ஸ்கூட்டர்ல போய்ட்டாருங்க. இத்தப் பெரிய வண்டிய எதுக்குங்க ஓட்டியாந்தீங்க?"

கீதா காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். "அக்கா போன்ல இதைத்தானுங்க சொன்னா" என்றாள். பிறகு பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

ஈஸ்வரமூர்த்திக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஒரு வருட ரோஷம், முப்பத்து மூன்று அங்குல டயர், இரண்டு தடவை மாற்றிய கிரவுன் பினியன், மாட்டுக் கொட்டகை, எல்லாவற்றையும் எவனோ ஒருவன் தார் ஊற்றி மூடிவிட்டான்! இருக்கையிலிருந்து குதித்தார். குதித்த உயரத்துக்கு முழங்கால் சுளீரென்றது. அதையும் பொருட்படுத்தாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவையும், டாஷ்போர்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துப் பானெட்டின்மேல் விரித்தார்.

"யாரைக் கேட்டுங்க இந்த ரோட்டைப் போட்டாங்க? மலைன்னா மலையா இருக்க வேண்டாமுங்களா? இந்த வேலையப் பண்ணுன ஆளு யாருங்க, பேரைச் சொல்லுங்கம்மா. இங்கயே, இப்பவே கலெக்டருக்கு மனு எழுதிப்போடறேன்!"

நஞ்சம்மாள் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்:

"அவிநாசியில ஈஸ்வரமூர்த்தின்னு ஒரு புண்ணியவானுங்க. போன ஆடிக்கு வண்டி சேத்துல சிக்கிக்கிச்சுன்னு கோவிச்சுட்டு, கலெக்டருக்கு மனு மேல மனுவா எழுதி, எங்களுக்கு இந்த ரோட்டை வாங்கிக் குடுத்துப்போட்டாருங்க!"