ஆடி வெள்ளியில் வனராணி

பச்சைப் புடவை கட்டி, தலைமுடியை விரித்துப் போட்டு, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் நம் ஆட்கள் "யாரும்மா நீ?" என்று கேட்கமாட்டார்கள். "எனக்கு எப்பம்மா விடியும்?" என்றுதான் கேட்பார்கள். நீலாய் டவுனில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித்தரவில்லை.

அப்போது நாங்கள் நாலு பேர் ஒரு கதை விளையாட்டுக்கு அடிமை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிப் பூதங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும். கதை சொல்வது நான். (சொல்வதென்ன, அளப்பது.) வெட்டுவதில் முதல் ஆள் என் உயிர்த்தோழி சுமதி. பூதம் விழுந்ததும் அவள் சிரிக்கிற சிரிப்பில் ஹாஸ்டல் வார்டனே ஓடி வருவார்.

அந்தச் சுமதிக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. காரணம் சொல்லக்கூட மாப்பிள்ளை வீட்டாருக்கு மனசு வரவில்லை. அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை; சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பழைய சுமதி திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கதைதான். அவளுக்காகவே 'அமைதி வனம்' என்று ஓர் உலகம் கட்டினேன். அங்கே வாள் இல்லை, பூதம் இல்லை. பூக்கள் பேர் சொல்லிக் கூப்பிடும். ஓடைத் தண்ணீர் மேலே தெறித்தால் மன்னிப்புக் கேட்கும். நடுவில் வனராணி. அவள் பேசமாட்டாள், யார் மனக்குறையைச் சொன்னாலும் தலையாட்டுவாள், குறை போய்விடும். இதை ஹாஸ்டல் மேசையில் விளையாடினால் எடுபடுமா? லாபு எஸ்டேட்டில் என் மாமா வீட்டுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டோரம் ஒரு மாமரம் உண்டு. அங்கேயே நிஜமாக நடத்துவது என்று முடிவு செய்தேன். வனராணி நானேதான். (என் மூஞ்சிக்கு ராணி வேடம் கிடைக்கும்போது விடுவேனா?)

கோயிலுக்குக் கிளம்பிய மாமா என் கோலத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கு என்னா கிழமை?"

"வெள்ளி மாமா."

"என்னா மாசம்?"

"ஜூலை லா!"

"நல்லா வெளங்கும்" என்று மோட்டாரை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கோஷ்டியில் ஒருவனான தினேஷ் போன் செய்தான். "சுமதிய கூட்டிட்டு வந்துக்கிட்டே இருக்கேன். ஒரு சர்ப்ரைஸ் இருக்கு லா, நீ பாட்டுக்கு ராணியா இரு." நான் முகத்தில் மஞ்சள் பூசி, மாங்கொத்தை ஒடித்துக் கிரீடமாகச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

காலடிச் சத்தம். பார்த்தால் மஞ்சள் புடவையில் ஏழெட்டுப் பெண்கள், கையில் வேப்பிலை, இடுப்பில் மஞ்சள் நீர்க்குடம். அடடா, தினேஷ் நடிக்க ஆளே பிடித்துவிட்டான்! இதுதான் சர்ப்ரைஸ் என்று பூரித்துப்போனேன். அவர்கள் கூழ் ஊற்ற மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

முன்னால் வந்த அம்மாள் குடத்தை இறக்கினார். "ஆத்தா! வந்துட்டியா?"

தலையாட்டினேன்.

"கோயிலுக்கு வராம இங்க ஒக்காந்துட்டியே, கோவமா? போன வருசம் கூழு தண்ணியா போச்சேன்னா?"

அதற்கும் ஆட்டினேன்.

அந்த அம்மாள் திரும்பினார். "அப்பவே சொன்னேன்ல செல்வி, கேவரு மாவு பத்தாதுன்னு!" செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டார். என்ன நடிப்பு என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கிரீடத்திலிருந்த செவ்வெறும்புகள் அப்போதுதான் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கின. வனராணி பேசக்கூடாதே! பல்லைக் கடித்தேன். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. "அருள் ஏறுது!" என்று குலவை கிளம்பியது. தாங்கமுடியாமல் எழுந்து குதித்தேன். யாரோ கற்பூரத்தைக் கொளுத்தி என் வாய்க்கு நேரே நீட்டினார்கள். "முழுங்கு தாயே!"

இது நடிப்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் நெருப்பு உள்ளே போய்விடுமே!

தினேஷின் கார் வந்து நின்றது. அவன் கையில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கச்சாங், சர்பத் ஊற்றிய ஐஸ் துருவல். (இதுதான் சர்ப்ரைஸாம். நாசமாய்ப் போக!) பின்னால் சுமதி.

"சுமதி! எறும்புடி! கொல்லுதுடி!" என்று அலறினேன்.

"பேரு சொல்லிக் கூப்புடுது! கேளும்மா!" என்று பெண்கள் அவளை என் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்து, "எனக்கு என்னடி குறை? ஏன் என்னை வேணாம்னுட்டாங்க?" என்று கேவிக் கேவி அழுதாள். குலவை நின்றுபோனது. செல்வியும் கூடவே அழுதார்.

எந்த ராணியாலும் அதற்குத் தலையாட்ட முடியாது. எறும்பும் நானுமாக அவளைக் கட்டிக்கொண்டேன். "உனக்கு ஒரு குறையும் இல்லடி. குறை அவங்களுக்குத்தான்."

எறும்புகள் அவளுக்கும் மாறின. "ஐயோ!" என்று அவளும் துள்ளினாள். ரெண்டு பேருக்குமே அருள் வந்துவிட்டதென்று அந்த அம்மாள் மஞ்சள் நீரைக் குடத்தோடு எங்கள் தலையில் கவிழ்த்தார். சொட்டச் சொட்ட மஞ்சளாக நின்ற சுமதி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வார்டன் நீலாயிலிருந்தே ஓடி வந்திருப்பார்.

விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் கோபப்படவில்லை. "யாரு வாயில வந்தா என்னா, நல்ல வார்த்தைதானே" என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கூழ் ஊற்றிக் கொடுத்தார். செல்வி மட்டும் என்னோடு பேசவில்லை.

மாமா வீட்டில் எனக்கு இன்றும் எறும்பாத்தா என்றுதான் பேர். சுமதி இப்போது கெமாஸில் வேலை பார்க்கிறாள். மனசு கஷ்டமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். போன் போட்டு என் கணவரிடம், "அண்ணே, ஆத்தா இருக்கா, மலையேறிடுச்சா?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே போனை நீட்டுவார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"இருக்கேன்டி. சொல்லு."