ஒத்தமூச்சும் மூன்று மரத்துச் சாமிகளும்

மஞ்சூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். மேட்டில் உட்கார்ந்து மிதித்த ஒரே மனிதப் பிறவி ஒத்தமூச்சு. இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

சிலோனிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள். அப்படி வந்து எங்கள் தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். நான் அங்கே கிளார்க். "ஒத்தமூச்சுல மேல ஏறிக் காட்டுறேங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்.

மத்தியானச் சங்கு ஊதியதும் நாங்கள் சோற்றுக்கு ஓடுவோம். அவர் ஒரு கனத்த சைக்கிளில் ஏறி, மலை உச்சி எஸ்டேட்டுக்குப் போகும் ரோட்டில் மிதிப்பார். மூச்சு முட்டிக் கால் எங்கே தரையில் படுகிறதோ, அங்கே நிற்கும் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, அடுத்த சங்குக்குள் உருண்டு வந்துவிடுவார். தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். மறுநாள் அந்தத் துணியைத் தாண்ட வேண்டும். பயிற்சிக்கு அவருக்கு வேறு நேரமே கிடையாது.

உடம்பு இளைத்திருக்கிறதா என்று பார்க்கக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்குவார். ஒரு மழை நாளில் நனைந்த கம்பளியோடு தொங்கிவிட்டுச் சூப்பர்வைசரிடம் சண்டைக்கு நின்றார்.

"கொழுந்துக்கு ஈரம் கழிக்கிறீங்கல்ல? எனக்கும் கழிங்க."

எதற்காக இத்தனை பாடு என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது. கேட்டால் சிரிப்பார்.

வம்பு துணியில்தான் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்து மரத்துக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். அவர் முன்னேற முன்னேறச் சாமியும் பெருகியது. மாதம் முடிவதற்குள் அந்த ரோட்டில் மூன்று சாமிகள். ஒருநாள் வழியை மறித்தே விட்டார்கள்.

"ஏனுங்க, சாமி முன்னால உக்காந்துட்டேவா போவீங்க? எறங்கித் தள்ளிட்டுப் போங்க."

மூன்று சாமிக்கும் இறங்கினால் சங்கு ஊதிவிடும். பாவம், கீழே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போனார்.

"கிளாக்கர் ஐயா, அது சாமி இல்ல, என் துணின்னு நீங்க சொல்லுங்க."

"எதுக்குக் கட்டுனீங்கன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கும் தெரியோணும்" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிலோன்ல நானும் அக்காவும் ஒரே லயத்து வீட்டு வரிசையில, பக்கத்துப் பக்கத்துக் காம்பராவுல குடியிருந்தோம். தெனம் மத்தியானம் அக்கா கையால சோறு. இங்க வந்ததும் அவுங்கள உச்சி எஸ்டேட்டுல போட்டாங்க, என்னய அடிவாரத்துல."

"ஞாயித்துக்கிழமை போலாமுல்லங்க?" என்றாள் ஒருத்தி.

"போறேன். கோழி அடிக்கிறாங்க, பாய் விரிக்கிறாங்க. அது விருந்தாளி. வேல நாள்ல போயி, சட்டியில கெடக்குறதத் தின்னுட்டு வந்தாத்தான் தம்பி."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் தீர்ப்புச் சொன்னாள். "அக்கா ஊட்டுச் சோத்துக்குன்னா சாமி கோவிச்சுக்காதுங்க. மிதிங்க."

அதற்குப் பிறகு அவர் துணியைத் தொடவில்லை. தன் பழைய செருப்பு ஒன்றை மரத்தில் மாட்டினார். செருப்புக்கு யார் பொட்டு வைப்பார்கள்? திருஷ்டிக்குக் கட்டியது என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். செருப்பு மரம் மரமாக மலையேறியது. மழைக்காலத்தில் இரண்டு மரம் கீழே இறங்கி, பனி விழும்போது மறுபடியும் ஏறியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் சங்கு ஊதும்போதே கேட்டுக்குள் நுழைந்தார். இடது கையால் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். வலது கையை மேலே தூக்கியிருந்தார்.

"கைக்கு என்னங்க ஆச்சு?" என்று பதறினேன்.

"கழுவ நேரமில்ல, ஐயா."

விரலெல்லாம் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'ஏன்டா இவ்வளவு நேரம்'னு திட்டிட்டுச் சோத்தப் போட்டுச்சு."

அந்தத் திட்டை அவர் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க ஐயா, சாயந்தரம் கழுவிக்கிறேன்."